பூஜ்ஜியம் வரும்வரை மாத்திரை

என்னைக் கடித்தது ஜெர்மனியில் ஓர் உண்ணி. நம் ஊர் மாட்டின் காதில் ஒட்டிக்கொண்டு கிடக்குமே, அந்த உண்ணிக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் நான் ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தது அந்தக் கடியால் அல்ல. அது ஆறிய பிறகு, என்மேல் பிரியம் வைத்தவர்கள் எல்லாரும் சேர்ந்து எனக்குச் செய்த வைத்தியத்தால். இப்படிச் சொன்னால் எனக்கு யார்மேலோ கோபம் என்று நினைப்பீர்கள். கோபம் இருந்தது, இப்போது இல்லை. இன்று நான் சோறு தின்று, புஜைரா கடற்கரையில் சாயங்காலம் நடந்துவிட்டு வருகிறேன் என்றால் அதற்கும் அதே ஆட்கள்தான் காரணம். நன்றியையும் வசவையும் தனித்தனியாகப் பிரித்து எழுத எனக்கு வராது. சேர்த்தே எழுதுகிறேன்.

என் பெயர் கோமதி. திருநெல்வேலிப் பக்கம். அமீரகத்தில், துபாயிலிருந்து மலை தாண்டிப் போகிற புஜைராவில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். என் கணவர் இங்கே எண்ணெய்க் கிடங்கு ஒன்றில் சேஃப்டி சூப்பர்வைசர். ஒரே மகன் விமல், ஜெர்மனியில் மேல்படிப்பு படிக்கிறான். கோடை விடுமுறையில் அவனைப் பார்க்கப் போயிருந்தோம். பாலைவனத்தில் குடியிருக்கிறவளுக்குப் பச்சைப் புல்லைப் பார்த்ததும் உட்காராமல் இருக்க முடியுமா? காட்டோரத்தில் விரிப்பைப் போட்டு, கட்டிக்கொண்டு போன எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டோம். அப்புறம் அங்கேயே படுத்து ஒரு தூக்கமும் போட்டேன்.

புஜைராவுக்குத் திரும்பிய பிறகு தொடையின் பின்பக்கம் வட்டமாகச் சிவந்தது. வலி இல்லை, அரிப்பும் அவ்வளவாக இல்லை. படர்தாமரை என்று நானே முடிவு செய்து களிம்பு தடவினேன். அதுவும் தானாக மறைந்தது. களிம்பு நல்ல களிம்பு என்று பக்கத்து வீட்டுக்காரிக்கும் சிபாரிசு செய்தேன்.

குளிர்காலம் வந்தபோது இடது முழங்கால் தேங்காய் மாதிரி வீங்கியது. வகுப்பில் நிற்க முடியவில்லை. எலும்பு டாக்டர் ஊசி போட்டு நீரை எடுத்தார். மறுபடி நீர் கோத்தது. வாதம் இல்லை, யூரிக் ஆசிட் இல்லை, அடிபடவும் இல்லை. கடைசியில் அவர் கையை விரித்து, துபாயில் தொற்றுநோய் பார்க்கும் டாக்டர் ஒருவரிடம் அனுப்பினார்.

டாக்டர் ஹனான் சூடான்காரர். ஒல்லியாக, உயரமாக, அவசரமே படாத பெண்மணி. பேசியதெல்லாம் ஆங்கிலத்தில்தான், நான் தமிழில் எழுதுகிறேன். முழங்காலைத் தொடுவதற்கு முன்பே, "சமீபத்தில் எந்த நாட்டுக்குப் போனீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். கம்ப்யூட்டரில் ஒரு படத்தைத் திருப்பிக் காட்டினார். வட்டமாக ஒரு சிவப்பு, நடுவில் வெளுப்பு.

நான் கூட வந்திருந்த இவர், அதாவது என் கணவர் பக்கம் திரும்பி, "ஏங்க, இது நம்ம படர்தாமரைல்லா!" என்றேன்.

படர்தாமரை இல்லை. அதன் பெயர் லைம் நோய். உண்ணி கடிக்கும்போது அதன் வாயிலிருந்து ஒரு கிருமி நம் உடம்புக்குள் போகிறது. தொடக்கத்தில் தோலில் இப்படி ஒரு வட்டம், கவனிக்காமல் விட்டால் பிறகு மூட்டில் வீக்கம். ரத்தத்தை எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு இன்சூரன்ஸ் ஒப்புதல் வர ஒரு காத்திருப்பு, முடிவு வர இன்னொரு காத்திருப்பு. முடிவு லைம் என்றுதான் வந்தது. ஒரு மாதம் ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தார். வீக்கம் முழுக்க வற்றியது.

கடைசி நாளில் டாக்டர் ஹனான் சொன்னார்: "கிருமிக்கு வேண்டிய மருந்தைக் கொடுத்தாயிற்று. ஆனால் சிலருக்கு இதற்குப் பிறகும் களைப்பு, உடம்புவலி, மறதி எல்லாம் மாதக்கணக்கில் இருக்கும். ஏன் என்று எங்களுக்கு முழுதாகத் தெரியாது. பெரும்பாலும் மெல்ல மெல்லக் குறையும். அவ்வப்போது வாருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்."

இத்தனையில் எங்கள் காதில் விழுந்தது 'தெரியாது' மட்டும்தான். அவ்வளவு தூரம் போய், டாக்டர் வாயால் தெரியாது என்று கேட்டுவிட்டு வர யாருக்குப் பிடிக்கும்? திரும்பிப் போகவே இல்லை.

அவர் சொன்ன களைப்பு சொன்னபடியே வந்தது. குளித்துவிட்டு வந்தால் படுக்க வேண்டும், படுத்து எழுந்தால் மறுபடி படுக்க வேண்டும். தோள், கழுத்து, விரல் என்று வலி வீடு மாறிக்கொண்டே இருந்தது. ஒருநாள் வகுப்பில் பன்னிரண்டாம் வாய்ப்பாடு பாதியில் நின்றுவிட்டது. பிள்ளைகள் சிரிக்கவில்லை. முன்பெஞ்சில் ஒருத்தி மட்டும் மெதுவாக, "மிஸ், நைன்ட்டி சிக்ஸ்" என்றாள். வீட்டுக்கு வந்து இவரிடம் அதைச் சொல்லி அழுதேன். அன்றைக்குத்தான் இவர் களத்தில் இறங்கினார்.

இவர் வேலையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எண்ணெய் இறக்கிய தொட்டியைச் சுத்தம் செய்ய ஆட்கள் உள்ளே இறங்குவார்கள். எண்ணெய் போனாலும் ஆவி நிற்கும். ஒரு பொறி பட்டால் போதும், ஆளும் மிஞ்சாது தொட்டியும் மிஞ்சாது. அதனால் இவர் மீட்டரைப் பிடித்து அளப்பார். பூஜ்ஜியம் வராவிட்டால் மறுபடி காற்றை அடிக்கச் சொல்வார், மறுபடி அளப்பார். மேலதிகாரி 'யல்லா யல்லா, சீக்கிரம்' என்று கத்தினாலும், கூட வேலை செய்கிற பாய்கள் 'கலாஸ், ஆயிடுச்சு' என்று கெஞ்சினாலும், பூஜ்ஜியம் வராமல் ஒரு ஆளை இறக்க மாட்டார். அவர் காலத்தில் அங்கே ஓர் உயிரும் போனதில்லை. அந்தப் பெருமை எனக்கும் உண்டு.

அதே கையோடு என்னிடம் வந்தார். ஒரு லேபில் மறுபடியும் ரத்தம் கொடுக்க வைத்தார். முடிவு வந்தது: லைம், இன்னமும் 'பாசிட்டிவ்'.

"பாத்தியா கோமதி, இன்னும் பூஜ்ஜியம் ஆகல. கிருமி உள்ளதான் இருக்கு. ஒரு மாசத்துல நிப்பாட்டிட்டாங்க. இது ஆகாம நான் விடமாட்டேன்" என்றார்.

அப்புறம் கூட்டுக்கு ஆள் தேடினார். 'நாள்பட்ட லைம்' என்று எங்கெங்கோ இருக்கும் நோயாளிகள், அவர்கள் வீட்டுக்காரர்கள் எல்லாரும் சேர்ந்த வாட்ஸப் குழு ஒன்றில் போய்ச் சேர்ந்தார். அதில் தினமும் ஆராய்ச்சிக் கட்டுரைகளின் படங்கள் வரும். இவர் டிப்ளமோ படித்தவர், ஆங்கிலம் நன்றாகப் படிப்பார். மஞ்சள் கோடு போட்ட வரிகளை எனக்குப் படித்துக் காட்டுவார். "பாரு, எழுதியிருக்கான். மருந்து கொடுத்த பிறகும் கிருமி உயிரோட இருக்குதாம். மூணு மருந்தச் சேத்துக் கொடுத்தா சாகுதாம்." எனக்கு அதை வாங்கிப் படிக்கும் தெம்பு இல்லை. இவ்வளவு பாடுபடுகிறாரே என்றுதான் தோன்றியது.

டாக்டர் சீட்டு இல்லாமல் இங்கே ஆன்டிபயாடிக் கொடுக்க மாட்டார்கள். ஆனால் வளைகுடாவில் இருக்கும் தமிழர்களுக்கு மருந்துக்கடை இங்கே இல்லை, ஊரில்தான் இருக்கிறது. லீவில் போய்த் திரும்புகிற யாரும் சும்மா வருவதில்லை. ஒருவருக்குச் சர்க்கரை மாத்திரை, ஒருவருக்கு முதுகுவலித் தைலம், முறுக்குப் பாக்கெட்டோடு சேர்த்துக் கட்டிய பொட்டலங்களில் பெயர் எழுதிக் கொண்டுவருவார்கள். எங்கள் வட்டாரத்துக்கு அந்தப் பொட்டலங்கள் வந்து இறங்குகிற இடம் துபாய் தேராவில் பாரூக் பாயின் வாசனைச் சாமான் கடை. காயல்பட்டினத்துக்காரர். என்னை 'தங்கச்சி' என்றுதான் கூப்பிடுவார். ஊரில் என் கணவரின் தம்பி மருந்தை வாங்கிக் கொடுப்பார், யாராவது சுமந்து வருவார்கள், பாரூக் பாய் ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்திருப்பார். ஒரு தடவை எங்களால் துபாய்க்குப் போக முடியவில்லை என்று கடையைப் பூட்டிவிட்டு அவரே புஜைராவுக்கு வந்து கொடுத்தார். ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு, "அல்லாஹ் உனக்கு ஷிஃபா கொடுப்பான், கொணமாயிரும் தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்படியாக மூன்று வகை மாத்திரை, காலை மாலை, மாதக்கணக்கில். முதலில் கொஞ்சம் தேவலை போல இருந்தது. இவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அதற்காகவே நான் இன்னும் கொஞ்சம் தேவலை என்று சொன்னேன். அதன் பிறகு வயிறு கெட்டது. வயிற்றுப்போக்கு என்று குழுவில் கேட்டார். செத்த கிருமிகளின் நஞ்சு வெளியேறுகிறது, மருந்து வேலை செய்வதற்கு அடையாளம், நிறுத்திவிடாதீர்கள் என்று பதில் வந்தது. நான் நன்றாக இருந்தாலும் மருந்து வேலை செய்கிறது, மோசமானாலும் மருந்து வேலை செய்கிறது! கணக்கு டீச்சராக இருந்துகொண்டு இந்தக் கணக்கு எப்படி எனக்கு உதைக்காமல் போனது என்று இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது.

ஒரு காலையில் கழிவறையில் எழுந்து நிற்க முடியாமல் சுவரோடு சரிந்தேன். காய்ச்சல், நடுக்கம், வயிறு கல்லாக உப்பியிருந்தது. இவர் என்னை அள்ளிக் காரில் போட்டு, கீழே பிளாஸ்டிக் விரித்து, கையில் ஒரு வாளியைக் கொடுத்து, மலைகளுக்கு நடுவே துபாய்க்கு ஓட்டினார். எண்ணெய்த் தொட்டியில் கசிவு பிடிக்கிறவர் அல்லவா, ஏற்பாடெல்லாம் கச்சிதம். அந்த வழியில் எனக்கு நேர்ந்த அசிங்கங்களை எழுதப் போவதில்லை. அவர் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன்.

டாக்டர் ஹனான் வேலை செய்கிற அதே ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவில் "வேறு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா?" என்று கேட்டதும் இவர் மருந்துப் பையை மேசையில் கொட்டினார். எதையும் மறைக்கவில்லை, மறைக்க வேண்டியது என்றே அவருக்குத் தோன்றவில்லை. அங்கிருந்த இளம் டாக்டர் பட்டைகளை ஒன்றொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, டாக்டர் ஹனானுக்குப் போன் போட்டார்.

மலப் பரிசோதனை முடிவு அன்றே வந்தது. நம் குடலில் நல்ல கிருமிகள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. நீண்ட நாள் ஆன்டிபயாடிக் அவற்றை அழித்துவிட்டால், அந்த மருந்துகளுக்கு அசையாத ஒரு முரட்டுக் கிருமி காலியான இடத்தைப் பிடித்துக்கொண்டு நஞ்சைக் கக்குகிறது. பெருங்குடல் வெந்து புண்ணாகிறது. கடைத்தெருவில் நல்ல வியாபாரிகளையெல்லாம் விரட்டிவிட்டால் ரவுடி வந்து கடை போடுகிற மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். கொண்டுவந்த மூன்று மருந்தையும் உடனே நிறுத்தினார்கள். இந்தக் கிருமிக்கென்று தனியாகக் குடிக்கிற மருந்து ஒன்று கொடுத்தார்கள். அதுவும் ஆன்டிபயாடிக்தான் என்று தெரிந்ததும் இவர் ரொம்பவே குழம்பிப் போனார்.

தனி அறை. உள்ளே வருகிறவர்கள் எல்லாரும் மேலங்கியும் கையுறையும் போட வேண்டும். இந்தக் கிருமி கைக்குத் தடவுகிற ஜெல்லுக்குச் சாகாது, சோப்புப் போட்டுத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும் என்று ஜெசி சிஸ்டர் இவருக்குச் சொல்லிக் கொடுத்தாள். கோட்டயத்துப் பெண். சொன்னதுதான் தாமதம், இவர் அந்த அறைக்கே சேஃப்டி சூப்பர்வைசர் ஆகிவிட்டார். சாப்பாடு கொண்டுவருகிறவர், தரை துடைக்கிறவர், ரத்தம் எடுக்கிறவர் எல்லாரையும் வாசலில் நிறுத்தி, "பாய், சாபூன், சாபூன்" என்று கை கழுவ வைத்தார். ஒருநாள் டாக்டர் ஹனானையே நிறுத்தினார்.

"சேச்சி, உங்க சார் இங்கே வேலைக்குச் சேருமோ? எங்களுக்கு ஆள் வேணும்" என்றாள் ஜெசி. அன்றைக்குத்தான் நான் சிரித்தேன். சிரித்ததில் வயிறு வலித்தது.

ஆனால் அடுத்த நாள் சிரிப்பெல்லாம் போயிற்று. சிறுநீர் குறைந்தது. சிறுநீரகம் தளர்கிறது என்றார்கள். வயிறு இன்னும் உப்பியது. புதிதாக ஒரு டாக்டர் வந்து வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்று பேசினார். அவர் அறுவை டாக்டர் என்று பிறகு தெரிந்தது. குடல் இதற்குமேல் வீங்கினால் வெடித்துவிடும், அதற்கு முன்பே வெட்டி எடுக்க வேண்டியிருக்கும், அப்போதும் உறுதி சொல்ல முடியாது என்று இவரிடம் சொல்லியிருக்கிறார்கள். இவர் என்னிடம் அதைச் சொல்லவில்லை. உள்ளே வந்து என் கால்மாட்டில் உட்கார்ந்து, கையுறை போட்ட கையால் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. சாவைப் பற்றி நான் பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை. விமல் வந்து சேருவானா, இவருக்குக் குக்கர் வைக்கத் தெரியாதே, இப்படித்தான் ஓடியது. பயம் இருந்தது. ரொம்பப் பயமாக இருந்தது.

விமல் விமானம் பிடித்து வந்துவிட்டான். மேலங்கிக்குள் ஒட்டகச்சிவிங்கி மாதிரி நின்றுகொண்டு, "அம்மா, ஐ ஷுட் ஹேவ் செக்டு. அங்க எல்லாரும் புல்லுல இருந்து வந்தா உண்ணி ஒட்டிருக்கான்னு செக் பண்ணுவாங்க. எனக்குத் தெரியும்மா" என்று அழுதான். அவனைத் தேற்றியதில் எனக்கே கொஞ்சம் தைரியம் வந்தது.

கத்தி வைக்க வேண்டி வரவில்லை. குடித்த மருந்து மெல்ல வேலை செய்தது. காய்ச்சல் இறங்கியது, வயிறு தளர்ந்தது, சிறுநீர் வந்தது. ஜெசி சிஸ்டர் அந்தச் சிறுநீரை அளந்துவிட்டு, லாட்டரி விழுந்த மாதிரி ஓடி வந்து சொன்னாள். கடவுளே, ஒரு மனுஷியின் மூத்திரத்துக்கு இத்தனை பேர் சந்தோஷப்பட்டார்களே! அந்த அறையில் என்னைத் தொட்ட ஒவ்வொரு கைக்கும் நான் கடன்பட்டவள்.

பாரூக் பாய் பார்க்க வந்தார். கதவோரத்திலேயே நின்றார். "நான் சொமந்து கொண்டாந்து கொடுத்தது தங்கச்சி. என் கையாலதான் கொடுத்தேன்" என்றவர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். "பாய், நீங்க கொண்டாந்தது பாசம். உள்ள என்ன இருந்துச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? முறுக்கு மட்டும் நிப்பாட்டிராதீங்க" என்றேன். இப்போது அவர் கடையில் டாக்டர் சீட்டின் நகல் இல்லாமல் மருந்துப் பொட்டலம் வாங்குவதில்லை. சில பேர் கோபித்துக்கொள்கிறார்களாம். கோபிக்கட்டும்.

வயிறு அடங்கிய பிறகு ஒருநாள் பழைய முழங்கால் லேசாக வலித்தது. நான் முனகியது இவர் காதில் விழுந்துவிட்டது. எழுந்து கதவைச் சாத்தினார். மேலங்கிக்குள் கைவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரைப் பட்டையை எடுத்தார்.

"வலி வந்துட்டுல்லா? நிப்பாட்டுனதும் கிருமி தலையத் தூக்கிட்டு. ஒரே ஒண்ணு போட்டுக்கோ. யாருக்கும் தெரியாண்டாம்."

இவ்வளவு பார்த்த பிறகுமா? கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் கதவையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். குடலை வெட்டலாம் என்று கேட்டபோதுகூட நிதானம் தவறாதவர். எனக்கு மருந்து இல்லாமல் போய்விட்டது என்ற பயத்தில் திருடன் மாதிரி நின்றார். மறுபடி அந்த மாத்திரையைத் தொடங்கினால் எனக்குச் சாவு. தொடங்காவிட்டால் சாவு என்று அவர் நம்பினார். இரண்டுக்கும் நடுவில் நான் படுத்திருந்தேன்.

"நான் போடமாட்டேன்னு சொல்லல" என்றேன். "அவங்ககிட்ட கேளுங்க. அந்தக் கட்டுரை எல்லாத்தையும் காட்டிக் கேளுங்க. அவங்க சரின்னா முழுங்குதேன்."

கேட்டார். டாக்டர் ஹனான் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு இவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இவ்வளவு படித்திருக்கிறீர்களே. சேர்ந்து படிப்போமா?" என்றார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார்.

முதல் கட்டுரை. "இந்த ஆராய்ச்சி எங்கே நடந்தது? மேலே பாருங்கள்."

இவர் தேடினார். "லேபில். கண்ணாடித் தட்டில்."

"கண்ணாடித் தட்டில் கொல்வதெல்லாம் மனிதருக்குள்ளும் கொல்லும் என்று சொல்ல முடியாது. அடுத்தது?"

அது விலங்குகளில் செய்தது. மருந்துக்குப் பிறகு அவற்றின் உடம்பில் கிருமியின் மிச்சங்கள் கிடைத்தன, அவை நோயை உண்டாக்கக்கூடியவை என்று நிரூபணம் ஆகவில்லை என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதியிருந்தது. மூன்றாவதுதான் மனிதர்களிடம் செய்தது. என்னைப் போலவே சிகிச்சைக்குப் பிறகும் களைப்பு தீராதவர்கள். பாதிப் பேருக்கு உண்மையான மருந்து, பாதிப் பேருக்கு மருந்து மாதிரியே இருக்கும் வெற்று மருந்து. யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது.

இவர் மஞ்சள் கோட்டைக் காட்டினார். "களைப்பு குறைந்தது என்று போட்டிருக்கிறார்களே."

"ஆமாம், போட்டிருக்கிறார்கள். அடுத்த வரியைப் படியுங்கள்."

இவர் போனில் அடுத்த வரி இல்லை. குழுவில் வந்த படம் மஞ்சள் கோடு போட்ட வரியோடு வெட்டப்பட்டிருந்தது. டாக்டர் தன் போனில் முழுக் கட்டுரையைத் திறந்து கொடுத்தார். இவர் வாய்விட்டுப் படித்தார். வெற்று மருந்து எடுத்தவர்களிலும் நிறையப் பேருக்குக் குறைந்திருந்தது. மற்ற விஷயங்களில் வித்தியாசம் இல்லை. உண்மையான மருந்து எடுத்த சிலருக்கு அந்த மருந்தாலேயே ஆஸ்பத்திரியில் சேர்கிற அளவுக்கு ஆபத்து வந்தது. இதே போன்ற வேறு ஆராய்ச்சிகளிலும் நீண்ட நாள் ஆன்டிபயாடிக்கால் நிலைத்த பலன் எதுவும் கிடைக்கவில்லை என்றார் டாக்டர். இவர் ஒரு தடவை படித்தார், மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"அப்படியென்றால் ரத்தத்தில் ஏன் இன்னும் பாசிட்டிவ்? அது பூஜ்ஜியம் ஆகவில்லையே?" என்று கேட்டார் இவர். தொட்டி, மீட்டர் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் குறுக்கிடாமல் கேட்டார்.

"உங்கள் மீட்டர் வாயுவை அளக்கிறது. இந்தப் பரிசோதனை கிருமியை அளக்கவில்லை. கிருமியோடு சண்டை போட உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளை அளக்கிறது. சண்டை முடிந்த பிறகும் அது பல வருஷம் ரத்தத்தில் இருக்கும். சிலருக்குப் போகவே போகாது. நீங்கள் காத்திருந்த பூஜ்ஜியம் வராது. வர வேண்டிய அவசியமும் இல்லை."

இவர் டாக்டரின் போனைத் திருப்பிக் கொடுத்தார். அப்புறம் ஒரு குழந்தை கேட்கிற மாதிரி கேட்டார்: "அப்போது நான் என்ன செய்ய? இவள் வலியில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவா?"

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருந்தது. மருந்து வேலை செய்கிறதா என்பதல்ல, தான் சும்மா இருக்கக் கூடாது என்பதுதான் அவருக்கு. டாக்டர் ஹனானுக்கும் அது புரிந்தது. "உங்கள் மனைவியின் வலி உண்மை. அதற்கு முழுக் காரணம் எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் செய்வதற்கு நிறைய இருக்கிறது, அதில் பாதி உங்கள் வேலை" என்று சொல்லி வேலை கொடுத்தார். தினமும் கொஞ்சம் நடக்க வைக்க வேண்டும், களைப்பதற்கு முன்பே நிறுத்த வேண்டும். தூக்கத்துக்கு ஒரே நேரம். முழங்காலுக்குப் பிசியோதெரபி. வயிறு மறுபடி கெட்டால் அன்றே அழைத்துவர வேண்டும். இவர் சட்டைப் பையிலிருந்த பட்டையை எடுத்து ஜெசி சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவினார்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஒரே நாளில் நான் எழுந்து ஓடிவிடவில்லை. ஒரு விளக்குக் கம்பம் வரை நடை, அப்புறம் அடுத்த கம்பம். நான் இன்னும் நடக்கிறேன் என்று அடம்பிடிப்பேன், இவர் "மாஃபி, கலாஸ், போதும், வீட்டுக்கு" என்று திருப்பிவிடுவார். குக்கர் வைக்கப் பழகினார். முதல் வாரம் கஞ்சியும் சோறும் ஒன்றுபோலத்தான் இருந்தது. மாதங்கள் போகப் போகக் களைப்பு விலகியது. முழுக்கப் போகவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிட்டேன். பன்னிரண்டாம் வாய்ப்பாட்டை முழுசாகச் சொல்லிவிட்டு, காரணம் தெரியாமல் விழித்த பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தேன்.

போன வாரம் சாயங்காலம் இவருக்கு ஒரு போன் வந்தது. மஸ்கட்டில் ரூவியிலிருந்து ஒரு பையன். தஞ்சாவூர்ப் பக்கம், கடையில் வேலை. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"அண்ணே, புஜைரா அண்ணன்தானே? உங்க வாய்ஸ் மெசேஜ் எனக்கு பார்வர்டா வந்துச்சுண்ணே. எத்தன மாத்திரை, எப்படிப் போடணும்னு நீங்க சொன்னது. அதக் கேட்டுத்தான் என் ஒய்ஃபுக்குக் கொடுத்துட்டிருக்கேன். ரெண்டு நாளா வயித்தால போகுதுண்ணே. கிருமி சாவுறதுதானே? கன்டினியூ பண்ணலாமா?"

இவர் அப்படி ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டது எனக்கே தெரியாது. நான் கொஞ்சம் தேவலை என்று பொய் சொன்ன நாட்களில், அந்தச் சந்தோஷத்தில், எல்லாருக்கும் உதவட்டும் என்று பேசிப் போட்டிருக்கிறார்.

இவர் முகம் வெளுத்தது. "தம்பி, இப்பவே நிப்பாட்டு. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. மாத்திரை எல்லாத்தையும் கையோட எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டு. நான் சொன்னது தப்புடா தம்பி. தப்பு. என் பொண்டாட்டியே சாகப் பாத்தா" என்று கத்தினார். கல்யாணமானதிலிருந்து அவர் வாயிலிருந்து தப்பு என்ற வார்த்தையை நான் கேட்டதில்லை. அந்தப் பெண்ணைச் சேர்த்தார்கள். எனக்கு வந்த அதே வியாதிதான், சீக்கிரம் பார்த்துவிட்டார்கள். நேற்று அவளே என்னிடம் பேசினாள். "அக்கா, பசிக்குதுக்கா" என்றாள். அதைக் கேட்டு நான் அழுதேன்.

இவர் குழுவில் மறுப்புப் பேசிப் போட்டார். அதை யாரும் யாருக்கும் அனுப்பவில்லை. பழைய குரல் இன்னும் எங்கெல்லாம் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரியாமல் தவிக்கிறார். "நீ எழுது கோமதி. உனக்குத்தான் எழுத வரும். என் பேரப் போட்டு எழுது. அந்த வாய்ஸ்ல மொதல்லயே என் பேரச் சொல்லித்தான் பேசிருக்கேன். பேரு இல்லைன்னா வேற யாரையோ சொல்லுதாங்கன்னு விட்டுருவாங்க" என்றார்.

எங்கள் வீடுகளில் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்வதில்லை. ஆஸ்பத்திரியில் கணவர் பெயர் என்ன என்று கேட்டபோதுகூட அவரைத்தான் சொல்லச் சொன்னேன். இப்போது எழுதுகிறேன். அந்தக் குரல் என் கணவர் சண்முகசுந்தரத்தின் குரல். அதில் அவர் சொல்வது தவறு. அவரே சொல்கிறார். அதைக் கேட்டு யாராவது மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால், அந்தப் பையை எடுத்துக்கொண்டு இன்றைக்கே ஒரு டாக்டரிடம் போங்கள்.